தலையங்கத்தில் அரசியல் சாய்வைப் பிடிப்பது எப்படி? முதன்முறை ஆய்வு செய்பவர்களுக்கு

இதழியல், மொழியியல், அரசியல் அறிவியல் என்று எதைப் படித்தாலும் ஒரு கட்டத்தில் இந்தத் தலைப்பு வந்து மாட்டும்: நாளிதழ்த் தலையங்கங்களின் மொழியில் அரசியல் கருத்தியல். கேட்க எளிதாக இருக்கும். பத்துத் தலையங்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. கோட்பாட்டு நூல்கள் ஏராளம். திங்கட்கிழமை காலையில் மேசைக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் நூல்தான் கிடைக்காது. நானும் திணறித்தான் முடித்தேன். அதனால் கோட்பாட்டு வரலாற்றை விட்டுவிட்டு, செய்முறையை மட்டும் எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். சாய்வு என்பது வசைச்சொற்களில் இருக்கும் என்று தேடினால் கொஞ்சம்தான் அகப்படும். பெரும்பகுதி வினைச்சொல்லிலும், வாக்கியத்தின் எழுவாய் யார் என்பதிலும், வாதிடாமலே உண்மையென்று வைத்துக்கொண்ட விஷயங்களிலும் இருக்கிறது. ஒரு தலையங்கத்தைத் தனியாகப் படித்தால் இவை கண்ணில் படாது. அதே நிகழ்வைப் பற்றிய இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

1. கேள்வியை ஒரே பிரச்சினைக்குச் சுருக்குங்கள்

"இந்த நாளிதழ் எந்தப் பக்கம்?" என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். ஒரே நாளிதழ் பொருளாதாரத்தில் ஒரு பக்கமும் பண்பாட்டு விஷயங்களில் வேறு பக்கமும் நிற்கும். அந்தக் கேள்விக்கு முடிவே வராது. ஒரு பிரச்சினை, இரண்டு நாளிதழ்கள், ஒரு கால எல்லை. உதாரணமாக, ஒரு போக்குவரத்து வேலைநிறுத்தம்: அறிவிப்பு வந்த நாளிலிருந்து, அது முடிந்து இரண்டு வாரம் வரை. முதுகலை ஆய்வேட்டுக்கு இருபது முப்பது தலையங்கங்கள் தாராளம். ஐம்பதைத் தாண்டினால் வாக்கியம் வாக்கியமாகப் படிக்க முடியாது, எண்ணிக்கை மட்டும்தான் மிஞ்சும்.

கால எல்லைக்குள் தேர்தல் வருகிறதா என்று பாருங்கள். தேர்தல் நேரத்தில் எல்லா நாளிதழ்களின் குரலும் மாறும். அந்த வாரங்களையும் மற்ற வாரங்களையும் கலந்துவிட்டால், மாற்றத்துக்குக் காரணம் பிரச்சினையா தேர்தலா என்று பிறகு பிரிக்க முடியாது.

அப்புறம், ஒரு தாளில் இரண்டு வரி எழுதித் தேதி போட்டு வையுங்கள்: "என் எண்ணம் தவறாக இருந்தால் தலையங்கங்களில் இது இது காணப்படும்." தொழிலாளர் பக்கம் சாயும் நாளிதழ் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் பயணிகளின் சிரமத்தைத் தொழிலாளர்மேல் சுமத்தும் வாக்கியங்கள் எத்தனை வந்தால் உங்கள் எண்ணத்தைக் கைவிடுவீர்கள்? படித்து முடித்த பிறகு இதை எழுதினால் பயனில்லை.

2. ஆவணங்கள்: எதை எடுப்பது, என்ன செலவு

தலையங்கம் என்றால் பெயர் போடாமல், நாளிதழின் நிலைப்பாடாக வருவது மட்டும். அதே பக்கத்தில் பெயரோடு வரும் கட்டுரை அந்த எழுத்தாளரின் கருத்து. சில நாளிதழ்கள் தங்களுக்கு எதிரான கருத்தைக்கூட வேண்டுமென்றே வெளியிடும். இரண்டையும் கலந்தால் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கேதான் விழும்.

அச்சுப் பதிப்பா, இணையப் பதிப்பா என்று ஒன்றை முடிவு செய்து கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தலைப்பு மாறும், சில நேரம் வரிகளும் திருத்தப்படும். ஒவ்வொரு தலையங்கத்துக்கும் நாளிதழ், தேதி, பக்கம், தலைப்பு, எந்தப் பதிப்பு, நீங்கள் சேமித்த நாள் ஆகியவற்றை எக்செலில் ஒரு வரியாக ஏற்றுங்கள். எடுக்கும் அன்றே ஏற்றுங்கள். பிறகு செய்யலாம் என்று விட்ட தகவல் திரும்பக் கிடைக்காது.

தலையங்கம் வராத நாள்களையும் பட்டியலில் எழுதுங்கள். எல்லாரும் எழுதிய நாளில் ஒரு நாளிதழ் வேறெதைப் பற்றியோ எழுதியிருந்தால் அதுவும் தரவுதான். பலரும் இந்த வரிசையை விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகச் சுவையான விஷயங்கள் கிடைத்தது அங்கேதான்.

செலவு பெரிதாக இல்லை. நூலகத்தில் பழைய இதழ்க் கட்டுகள் இருந்தால் நகலெடுக்கும் செலவு மட்டும். கட்டணச் சந்தா தேவைப்பட்டால் ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். எதை எடுக்க வேண்டும் என்ற தேதிப் பட்டியலைத் தயாரித்துவிட்டு ஒரு மாதச் சந்தா கட்டி, அந்த மாதத்துக்குள் எல்லாவற்றையும் சேமியுங்கள். மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பணத்தைவிட நேரத்தைத் தின்பது எழுத்துரு. பழைய தமிழ் பிடிஎஃப் கோப்புகளில் இருந்து நகலெடுத்து ஒட்டினால் வெறும் கிறுக்கலாக வரும். அவை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்யப்பட்டவை. எழுத்துரு மாற்றி கொண்டு மாற்றலாம். முடியாவிட்டால் படமாக எடுத்து ஓசிஆர் செய்யுங்கள், அதாவது படத்தில் உள்ள எழுத்தை மென்பொருள் கொண்டு தேடக்கூடிய எழுத்தாக மாற்றுங்கள்; டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழைப் படிக்கும். ஆனால் வந்ததை ஒரு தடவை கண்ணால் ஒப்பிட்டே ஆக வேண்டும். யூனிகோடிலும் ஒரு பொறி உண்டு. 'கொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடும்போது ஒன்று மட்டும் அகப்படும். 'ஔ'காரத்துக்குப் பதில் 'ள' போட்டுத் தட்டச்சு செய்திருப்பார்கள், அதையும் கவனியுங்கள். எல்லாக் கோப்புகளையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

மூன்று மாத வேலை என்றால் இந்தப் படிக்கு மட்டும் மூன்று, நான்கு வாரம் ஒதுக்குங்கள். வழிகாட்டி ஆசிரியர் "சேகரிப்புதானே, ஒரு வாரம் போதும்" என்பார். போதாது.

3. முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள்

முழுவதும் படித்துவிட்டு ஒரு வாக்கியம் எழுதுங்கள்: யாரை, என்ன செய்யச் சொல்கிறது இந்தத் தலையங்கம்? தலையங்கங்களைப் பற்றி நிறைய எழுதியவர் நெதர்லாந்து ஆய்வாளர் டியூன் வான் டைக். அவர் சொல்வதன் சுருக்கம், ஒரு தலையங்கம் வழக்கமாக மூன்று வேலை செய்கிறது: நடந்ததைத் தன் பார்வையில் வரையறுக்கும், மதிப்பிடும், கடைசியில் யாருக்காவது அறிவுரை சொல்லும். இந்த மூன்றையும் பத்தி பத்தியாகக் குறித்துவிட்டால் பாதி வழி வந்துவிட்டீர்கள். சாய்வு மதிப்பீட்டுப் பத்தியில்தான் இருக்கும் என்று புதியவர்கள் எண்ணுவார்கள். முதல் பத்தியை, அதாவது வெறும் தகவல்போலத் தெரியும் பத்தியை, இரண்டு மடங்கு கவனமாகப் படியுங்கள்.

4. யாருக்கு என்ன பெயர்

ஒரு அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் மனிதர்கள், அமைப்புகள். வலப்பக்கம் அவர்களைக் குறிக்க வந்த எல்லாச் சொற்களும், வந்த வரிசையிலேயே. வீதியில் இறங்கிய அதே கூட்டம் ஒரு நாளிதழில் பொதுமக்கள், இன்னொன்றில் போராட்டக்காரர்கள், மற்றொன்றில் கும்பல். மூன்றாம் நாள் பொதுமக்கள் கும்பலாக மாறினால், அந்த நாளில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

தமிழில் இதற்குக் கூடுதல் வசதி இருக்கிறது. வினைமுற்றின் விகுதியே மரியாதையைக் காட்டிவிடும். ஒரு தலைவர் 'கூறினார்', மற்றவர் பெயருக்குப் பிறகு மரியாதை விகுதி இல்லாத பயனிலை. பதவிப் பெயர் யாருக்குக் கிடைக்கிறது, வெறும் பெயர் யாருக்கு? பேச்சைக் குறிக்கும் வினைகளையும் இதே அட்டவணையில் சேருங்கள். சுட்டிக்காட்டினார் என்றால் அவர் சொன்னது உண்மை என்று நாளிதழ் ஏற்றுக்கொண்டது. ஒப்புக்கொண்டார் என்றால் அவர் ஏதோ தப்புச் செய்து மறைத்துவைத்திருந்தார். மழுப்பினார் என்றால் பதிலே சொல்லவில்லை. தெரிவித்தார், கூறினார் போன்றவைதான் ஓரளவு நடுவில் நிற்கும்.

இங்கே இரண்டு இடங்களில் தடுக்கி விழுவார்கள். மேற்கோளுக்குள் வரும் சொல் நாளிதழின் சொல் ஆகாது. அதைத் தனி நிறத்தில் எழுதுங்கள். இன்னொன்று, பெரிய நாளிதழ்களில் எந்தச் சொல்லை எப்படி எழுத வேண்டும் என்ற நடைக் கையேடு இருக்கும். ஒரு சொல் எல்லா நாளும் மாறாமல் வந்தால் அது அந்தத் தலையங்கத்தின் தேர்வாக இல்லாமல் நிறுவனத்தின் தேர்வாக இருக்கலாம். இரண்டையும் வெவ்வேறாக எழுத வேண்டும்.

5. வினைச்சொல்: அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள்

1975 ஜூன் 1 அன்று, அப்போது ரொடீசியா என்று அழைக்கப்பட்ட நாட்டின் (இன்றைய ஜிம்பாப்வே) தலைநகர் சாலிஸ்பரியில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. மறுநாள் லண்டனின் டைம்ஸ் தலைப்பில் கலவரம் செய்த கறுப்பர்கள் எழுவாயாக முன்னே வந்தார்கள்; சுட்ட போலீஸ் செயப்பாட்டுவினையோடு பின்னால் போனது. கார்டியன் தலைப்பு போலீஸ் என்ற சொல்லிலேயே தொடங்கி, சுட்டார்கள் என்று நேராகச் சொன்னது. இரண்டிலும் போலீஸ் இருக்கிறது, இரண்டிலும் மரணம் இருக்கிறது. பொறுப்பு மட்டும் இடம் மாறிவிட்டது. டோனி ட்ரூ என்ற ஆய்வாளர் 1979-இல் செய்த இந்த ஒப்பீட்டை இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவை செய்தித் தலைப்புகள். தலையங்கத்துக்கும் முறை அதேதான்.

ஆனால் ஆங்கில நூல்களில் உள்ள பட்டியலை அப்படியே தமிழுக்கு எடுத்துவந்து 'படு' வரும் வாக்கியங்களை மட்டும் எண்ணினால் முக்கியமானதைக் கோட்டைவிடுவீர்கள். தமிழில் பொறுப்பை மறைக்கச் செயப்பாட்டுவினை தேவையே இல்லை. தன்வினையே போதும். இந்த வரிசையைப் பாருங்கள்:

அரசு கட்டணத்தை உயர்த்தியது.
கட்டணம் உயர்த்தப்பட்டது.
கட்டணம் உயர்ந்தது.
கட்டண உயர்வு தவிர்க்க முடியாதது.
கட்டணச் சீரமைப்பு.

முதல் வாக்கியத்தில் செய்தவர் இருக்கிறார். இரண்டாவதில் செய்தவரைக் காணோம், ஆனால் யாரோ செய்தார்கள் என்பது தெரிகிறது. மூன்றாவதில் கட்டணம் தானாகவே உயர்கிறது. நான்காவதில் செயல் பெயர்ச்சொல்லாகிவிட்டது. யார், எப்போது என்று கேட்கவே இடமில்லை. ஐந்தாவதில் உயர்வு என்பதும் போய்விட்டது. உங்கள் தலையங்கங்களில் உள்ள ஒவ்வொரு முக்கியச் செயலையும் இந்த ஐந்து படிகளில் ஒன்றில் வையுங்கள். இறந்தனர், கொன்றனர், கூட்டம் கலைந்தது, கூட்டத்தைக் கலைத்தனர், பேச்சுவார்த்தை முறிந்தது, பேச்சுவார்த்தையை முறித்தனர். இப்படி இணை இணையாகத் தமிழில் நிறைய இருப்பதால் வேலை எளிது. ஒரே தலையங்கத்தில் ஒரு தரப்பின் செயல்கள் முதல் படியிலும் மற்றத் தரப்பின் செயல்கள் மூன்றாம் நான்காம் படியிலும் குவிந்தால், அதுதான் நீங்கள் தேடியது.

எச்சரிக்கை ஒன்று. தமிழ் எழுவாயைச் சாதாரணமாகவே விட்டுவிடும் மொழி. 'நேற்று அறிவித்தனர்' என்ற வாக்கியத்தில் எழுவாய் இல்லை என்பதால் மறைத்துவிட்டார்கள் என்று எழுதாதீர்கள். முந்தைய வாக்கியத்தில் இருந்து அது யார் என்று வாசகருக்குத் தெரியுமா? தெரிந்தால் மறைப்பு இல்லை. தீ வைத்தது யார் என்று யாருக்குமே தெரியாத நிலையில் 'தீ வைக்கப்பட்டது' என்று எழுதுவதும் மறைப்பு ஆகாது, அது நேர்மை. தலையங்கத்தில் எங்குமே செய்தவர் வரவில்லை, ஆனால் அதே நாளிதழின் செய்திப் பக்கத்தில் வந்திருக்கிறார் என்றால் மட்டும் குறியுங்கள். அதற்காகவே அந்தந்த நாளின் முதல் பக்கத்தையும் சேமித்து வைப்பது நல்லது.

குறித்து முடித்ததும் நான்கு கட்டம் வரையுங்கள்: நம்மவர் நன்மை, நம்மவர் தீமை, மற்றவர் நன்மை, மற்றவர் தீமை. வான் டைக் கருத்தியல் சதுரம் என்று சொல்வது இதைத்தான். முதலாவதும் நான்காவதும் பெரிதாக்கப்படும், நடுவில் உள்ள இரண்டும் சுருக்கப்படும் என்பது அவர் கணிப்பு. உங்கள் தரவு இதற்குப் பொருந்தாமல் போனால் கட்டாயப்படுத்திப் பொருத்த வேண்டாம். தன் தரப்பைக் கடிந்துகொண்டே அதே தரப்பில் நிற்கும் தலையங்கங்கள் உண்டு, அவையே நல்ல அத்தியாயம் தரும்.

6. 'நாம்' என்பதில் யார் இல்லை?

'நாங்கள்' என்றால் வாசகர் வெளியே, 'நாம்' என்றால் உள்ளே. தலையங்கங்கள் 'நாம்' பக்கம்தான் சாயும். ஒவ்வொரு 'நாம்', 'நமது' பக்கத்திலும் அது குறிக்கும் கூட்டத்தை எழுதுங்கள்: குடிமக்களா, வரி செலுத்துபவர்களா, ஒரு மொழிக்காரர்களா, நாளிதழா? பிறகு அந்தக் கூட்டத்தில் யார் சேரவில்லை என்று கேளுங்கள். 'நமது அன்றாட வாழ்க்கை முடங்கியது' என்ற வேலைநிறுத்தத் தலையங்கத்தில், வேலைநிறுத்தம் செய்தவர்கள் 'நம்மில்' இல்லை. மக்கள், நாடு, சாமானியர் என்ற சொற்களுக்கும் இதே சோதனை.

7. சொல்லாமல் சொன்னவை

'இந்த முறையாவது நிர்வாகம் விழித்துக்கொள்ளுமா?' இது கேள்வி. ஆனால் நிர்வாகம் தூங்குகிறது, முன்பும் தூங்கியது என்ற இரண்டு குற்றச்சாட்டுகள் ஆதாரம் கேட்க விடாமல் உள்ளே நுழைந்துவிட்டன. சோதிக்க எளிய வழி, வாக்கியத்தை எதிர்மறையாக்குவது. 'இந்த முறையும் விழித்துக்கொள்ளாது' என்றாலும் அந்த இரண்டும் அப்படியே நிற்கின்றன. அப்படி நிற்பவைதான் முற்கோள்கள். ஆவது, கூட, மீண்டும், இன்னும், இனியேனும் என்ற சின்னச் சொற்களைத் தேடிப் பிடியுங்கள். பத்தில் எட்டு முறை பக்கத்தில் ஏதாவது ஒளிந்திருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் எண்ணாமல் உங்கள் ஆய்வேட்டில் அப்படி எழுதாதீர்கள்.

'ஆனால்' எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். 'உயிரிழப்பு வருந்தத்தக்கதே; ஆனால் சட்டத்தைக் கையில் எடுப்பதை ஏற்க முடியாது.' இரண்டு பாதிகளையும் இடம் மாற்றிப் படியுங்கள். எடை எந்தப் பக்கம் என்று உடனே தெரியும். அதேபோல அறிவுரைப் பத்தியில் யாருக்கு 'செய்தே ஆக வேண்டும்', யாருக்கு 'பரிசீலிப்பது நலம்' என்று பிரித்து எழுதுங்கள்.

8. உருவகம்

வேலைநிறுத்தத்தை நோய் என்றால் மருந்து வேண்டும், போர் என்றால் எதிரி வேண்டும், வெள்ளம் என்றால் அணை வேண்டும். உருவகம் தீர்வையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. குறித்துக்கொண்டு நகருங்கள். ஆய்வேட்டில் இந்தப் பகுதி அழகாக எழுத வரும் என்பதாலேயே பலரும் அளவுக்கு மீறி எழுதுகிறார்கள். ஒரே உருவகம் பல தலையங்கங்களில் தொடர்ந்தால் ஒழிய அதை வைத்துப் பெரிய முடிவுக்குப் போக முடியாது.

9. சரிபார்ப்பு

உங்கள் குறிப்புகள் உங்கள் சாய்வைக் காட்டுகின்றனவா, நாளிதழின் சாய்வையா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். விமர்சன நோக்கில் செய்யப்படும் சொல்லாடல் ஆய்வுகள், அதாவது நாம் இங்கே செய்வது போன்றவை, தங்களுக்கு வேண்டிய வாக்கியத்தை மட்டும் பொறுக்கி எடுக்கின்றன என்று ஹென்றி விடோசன் போன்ற மொழியியலாளர்கள் பல ஆண்டுகளாகக் குறை சொல்கிறார்கள், அந்தக் குறையில் நியாயமும் இருக்கிறது. மூன்று வேலைகள் செய்யுங்கள்.

முதலில், இடமாற்றச் சோதனை. வாக்கியத்தில் கட்சிப் பெயர்களை மட்டும் மாற்றிப் படியுங்கள். அந்த நாளிதழில் அது வர வாய்ப்பே இல்லை என்று தோன்றினால், தோன்றுவதோடு நிற்காமல் பழைய இதழ்களில் தேடிப் பாருங்கள். மற்றத் தரப்பு இதையே செய்தபோது என்ன எழுதினார்கள்? ஆய்வின் மிக வலுவான பக்கம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வரும்.

அடுத்து, இரண்டாவது வாசகர். அரசியலில் உங்களோடு ஒத்துப்போகாத ஒரு நண்பரிடம் ஐந்தில் ஒரு பங்கு தலையங்கங்களையும் உங்கள் குறியீட்டு விதிகளையும் (எதை எந்த வகையில் குறிப்பது என்று நீங்கள் வைத்துக்கொண்ட விதிகள்) கொடுங்கள், உங்கள் விடைகளைக் கொடுக்காதீர்கள். இருவர் குறிப்புகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் கோஹனின் கப்பா என்ற அளவில் கணக்கிடலாம். முழுமையாக ஒத்துப்போனால் 1. 0.8-க்கு மேல் வந்தால் நிம்மதி. 0.6-க்குக் கீழ் என்றால் நண்பரைக் குறை சொல்லாமல் விதிகளைத் திருத்தி எழுதுங்கள். இதற்கு இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், நண்பர் தாமதிப்பார்.

மூன்றாவது, மென்பொருள். லாரன்ஸ் ஆண்டனி உருவாக்கிய ஆன்ட்காங்க் இலவசம், ஒரு சொல் வந்த எல்லா வரிகளையும் வரிசையாகக் காட்டும். தமிழுக்குப் பயன்படுத்தும் முன் அமைப்புக்குள் போய், உயிர்மெய்க் குறிகளும் சொல்லின் பகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் சொற்கள் நடுவிலேயே துண்டாகும். வேற்றுமை உருபுகளும் சோதிக்கும். 'அரசு' என்று தேடினால் அரசின், அரசை எல்லாம் விடுபடும். 'அரச' என்ற அடியை வைத்துத் தேடினால் அரசியலும் அரசரும் சேர்ந்து வருவார்கள். கையால் களைய வேண்டியதுதான், வேறு வழியில்லை.

10. எழுதும்போது

'இந்த நாளிதழ் வாசகர்களை ஏமாற்றுகிறது' என்று எழுத உங்களிடம் தரவு இல்லை. எழுதியவரின் நோக்கமும் வாசகரின் மனமும் தலையங்கத்தில் இல்லை. 'இந்தக் காலத்தில், இந்தப் பிரச்சினையில், தொழிலாளர் செயல்கள் பெரும்பாலும் பிறவினையிலும் நிர்வாகத்தின் செயல்கள் பெரும்பாலும் தன்வினையிலும் வந்தன' என்று எழுதலாம். வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் யாராலும் அசைக்க முடியாது.

மேற்கோளை முழு வாக்கியமாகக் கொடுங்கள், நாளிதழின் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாமல் கொடுங்கள். தலையங்கங்களை முழுமையாகப் பின்னிணைப்பில் வெளியிடப் பதிப்புரிமை தடையாகலாம். அதனால் தேதிப் பட்டியலையும் குறியீட்டு விதிகளையும் மட்டும் இணைத்து, முழுப் பிரதிகளைத் தேர்வாளர் கேட்டால் காட்டத் தனிக் கோப்பில் வைத்திருங்கள். முதல் படியில் தேதியிட்டு எழுதிய அந்த இரண்டு வரியையும் செய்முறை அத்தியாயத்தில் அப்படியே சேருங்கள். எழுதத் தொடங்கிய பிறகு புதிதாக ஒரு தலையங்கம் கண்ணில் பட்டு, எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், கால எல்லைக்கு வெளியே இருந்தால் சேர்க்காதீர்கள்.